கடலோரச் சாலையில் ப்ரூக்ஸ் பி17 தோல் சீட்: 58 வயதுப் பெண்ணின் மதிப்புரை

ப்ரூக்ஸ் பி17 சைக்கிள் சீட்டைப் பற்றி நான் தேடிப் படித்தவை எல்லாம் ஆண்கள் எழுதியவை. எடை எவ்வளவு, தோல் எத்தனை நாளில் பதப்படும், சைக்கிளுக்கு அழகாக இருக்குமா என்று எழுதியிருந்தார்கள். மாதவிடாய் நின்றுபோன ஒரு பெண் இதில் காலை முதல் மாலை வரை உட்கார முடியுமா என்று ஒருவரும் எழுதவில்லை. எனக்கு வயது 58. சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை கடலோரமாகவே, ஏறக்குறைய 800 கிலோமீட்டர், தனியாக இந்த சீட்டில் உட்கார்ந்து போய்ச் சேர்ந்திருக்கிறேன். முடியும். அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு.

பயணம் எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சீட்டைத் தேர்ந்தெடுத்ததற்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் ஒரு சிறு தொண்டு அமைப்பு, படுக்கையில் கிடக்கும் புற்றுநோயாளிகளின் வீட்டுக்கே சென்று வலி மருந்து கொடுத்துப் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டு வருகிறது. என் அக்காவுக்குக் கடைசி மாதங்களில் தூக்கம் வந்தது அவர்களால்தான். மார்ஃபின் என்ற அந்த வலி மாத்திரையின் விலை அதிகமில்லை. அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் செவிலியரின் சம்பளமும் வண்டிக்கான டீசலும்தான் பெரிய செலவு. என் பழைய மாணவர்களும் உறவினர்களும் நான் ஓட்டும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்து அந்த அமைப்புக்குப் பணம் தர ஒப்புக்கொண்டார்கள். பாதி வழியில் உட்கார முடியாமல் பஸ் ஏறினால் அந்தப் பாதிப் பணம் செவிலியருக்குப் போகாது. அதனால் இந்தப் பயணத்துக்கு நான் மிக அதிகமாக யோசித்துப் பணம் போட்ட பொருள் சீட்தான்.

பள்ளியில் விருப்ப ஓய்வு பெற்ற பிறகு வாங்கிய சைக்கிளில், கடைக்காரர் பரிந்துரைத்த தடிமனான ஜெல் சீட் இருந்தது. எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. அந்த வகை எல்லாமே ஏறக்குறைய ஒன்றுதான். கையால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும், முதல் அரை மணி நேரம் சுகமாகவும் இருக்கும். பிறகு உட்காரும் எலும்புகள் இரண்டும் ஜெல்லுக்குள் அமிழ்ந்துவிடும், நடுப்பகுதி மேலே எழும்பி மென்மையான சதையை அழுத்தும். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அங்கே தோல் மெலிந்து வறண்டுபோகிறது. இளவயதில் உறைக்காத உராய்வு இந்த வயதில் புண்ணாகிறது, சிறுநீர்த் தொற்றும் எளிதில் வருகிறது. இரண்டு மணி நேரம் ஓட்டினால் மரத்துப்போகும், இறங்கினால் எரியும். சைக்கிளை விட்டுவிட்ட என் வயதுத் தோழிகள் பலர் மூட்டுவலியைத்தான் காரணமாகச் சொல்வார்கள். நெருக்கமாக உட்கார்ந்து பேசினால் உண்மையான காரணம் இதுவாக இருக்கும்.

ப்ரூக்ஸ் இதற்கு நேர் எதிரான வழியில் போகிறது. இங்கிலாந்தின் பிர்மிங்காமில் 1866-இல் குதிரைச் சேணமும் தோல் சாமான்களும் செய்யும் தொழிலைத் தொடங்கிய ஜான் போல்ட்பீ ப்ரூக்ஸ், 1882-இல் சைக்கிள் இருக்கைக்குக் காப்புரிமை பெற்றார். பி17 மாதிரி 1890-களிலிருந்து இருக்கிறது. 2002 முதல் நிறுவனம் இத்தாலியின் செல்லே ராயல் கையில் இருந்தாலும், தோல் சீட்டுகள் இன்றும் பிர்மிங்காமை அடுத்த ஸ்மெதிக்கில்தான் தயாராகின்றன. சீட்டுக்குள் பஞ்சும் இல்லை, ஜெல்லும் இல்லை. ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் தடிமனுள்ள ஒரே தோலை முன்மூக்கிலும் பின்பக்க இரும்புத் தகட்டிலும் தூளி கட்டியது போல இழுத்து, ஆணி அறைந்திருக்கிறார்கள். எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேலே. மூக்குக்கு அடியில் ஒரு போல்ட் உண்டு. தோல் தொய்ந்தால் அதற்கென்று உள்ள ஸ்பேனரால் இறுக்கிக்கொள்ளலாம். பின்பக்கத்தில் பை கட்ட இரண்டு வளையங்கள் இருக்கின்றன. மாற்று டியூப்பும் மருந்துப் பையும் அங்கேதான் தொங்கின.

நான் வாங்கியது மூக்குக் குட்டையான மாதிரி. பெண்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினால் நீண்ட மூக்கால் பயனில்லை, தொடையில் உரசும், சுடிதார் மாட்டும்.

புதிதாக வந்தபோது தோலில் கட்டை விரலை அழுத்தினால் துளியும் அமுங்கவில்லை. அதனால் புறப்படுவதற்கு வெகு முன்பே ஊரில் ஓட்டத் தொடங்கினேன். புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசல், திருமயம், பிறகு குடுமியான்மலை என்று தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினேன். ப்ரூஃபைடு என்ற மெழுகை சீட்டின் அடிப்பக்கத்தில் தாராளமாகவும் மேற்பக்கத்தில் மெல்லியதாகவும் பூசி, இரவு முழுவதும் விட்டுவிட்டுக் காலையில் துணியால் தேய்க்க வேண்டும். மேற்பக்கத்தில் அள்ளிப் பூசினால் தோல் தளர்ந்துவிடும். முதல் சில வாரங்கள் எலும்பு வலிக்கத்தான் செய்தது. ஆனால் வலி எலும்பில் மட்டும்தான் இருந்தது. நடுவில் மரத்துப்போவதும் எரிவதும் முதல் நாளிலிருந்தே இல்லை. அந்த வேறுபாட்டைக் கவனித்த பிறகு இந்த சீட் மீது நம்பிக்கை வந்துவிட்டது.

பிறகு ஒரு நாள் சாய்வெயிலில் பார்த்தபோது தோலில் இரண்டு பள்ளங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றும் பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது. உள்ளங்கையை வைத்துத் தடவினால் இடப்பக்கம் கொஞ்சம் ஆழமாக இருப்பது தெரியும், ஏனென்றால் நான் இடப்பக்கம் சாய்ந்து உட்காருகிறவள். பள்ளம் விழுந்த இடத்தில் தோல் கருத்து, வழுவழுவென்று ஆகிவிட்டது. சுற்றிலும் இன்னும் சொரசொரப்புதான்.

பொருத்துவதில் காட்ட வேண்டிய கவனத்தை விலையில் காட்டும் கவனத்தைவிட முக்கியமாகச் சொல்வேன். எங்கள் தெரு முனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணன், பழைய ராலே, ஹெர்குலிஸ் சைக்கிள்களின் தோல் சீட்டுகளை மாற்றிப் பழகிய கை. கொத்தனாரிடமிருந்து ரசமட்டம் வாங்கிவந்து சீட்டின் மேல் வைத்துப் பார்த்து, மூக்கை நூலிழை அளவு உயர்த்தி வைத்தார். மூக்கு தாழ்ந்திருந்தால் உடம்பு முன்னே வழுக்கும், அதைத் தாங்க மணிக்கட்டு நோகும். ஹேண்டில் பாரையும் சீட் உயரத்துக்கு ஏற்றிக் கொடுத்தார். இந்த ஒரு மணி நேர வேலைக்கு அவர் கேட்ட கூலி மிகக் குறைவு, நான் கூடுதலாகக் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார். நன்கொடைப் பட்டியலில் அதைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

பொங்கல் கழிந்து புறப்பட்டேன். அந்த மாதத்தில் வாடைக்காற்று முதுகுப் பக்கமாக வரும் என்பதால் சென்னையிலிருந்து தெற்கே ஓட்டுவதுதான் சரியான திசை. மாமல்லபுரம், புதுச்சேரி வரை வழவழப்பான சாலை, சீட்டைப் பற்றி நினைக்கவே தேவையிருக்கவில்லை. கடலூருக்குத் தெற்கே சாலைப் பணி நடந்த இடங்களில்தான் சோதனை. பி17-இல் ஸ்பிரிங் கிடையாது. குண்டு குழியில் தோல் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், அதற்கு மேல் அதிர்வு நேராக முதுகெலும்புக்கு வரும். அங்கெல்லாம் பெடலில் எழுந்து நின்றுதான் ஓட்டினேன். முதுகுத் தேய்மானம் உள்ளவர்கள் ஸ்பிரிங் வைத்த பி67-ஐப் பார்க்கலாம். அது அகலமும் கூட, நன்றாக நிமிர்ந்து உட்காருபவர்களுக்கு ஏற்றது.

தோல் சீட் எதுவானாலும் அதற்கு எதிரி ஈரம். நனைந்த தோல் மீது உட்கார்ந்து ஓட்டினால் வடிவம் கெட்டுவிடும். வேளாங்கண்ணியைத் தாண்டி வேதாரண்யம் போகும் வழியில் பருவம் தப்பிய மழை பிடித்துக்கொண்டது. சீட்டுக்கு உறை போட்டு, அதற்கு மேல் ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பை ஒன்றையும் கட்டி, ஒரு டீக்கடையின் தகரக் கூரைக்கு அடியில் மழை விடும்வரை நின்றேன். சாலையின் சேறு கீழிருந்து தெறித்து அடிப்பக்கத் தோலை நனைக்கும், எனவே பின்சக்கரத்துக்கு மட்கார்டு கட்டாயம் வேண்டும். நனைந்தால் நிழலில் காற்றாட உலர விட வேண்டும், வெயிலில் வைக்கக் கூடாது. உப்பளக் காற்று வீசும் பகுதியில் ஒவ்வொரு மாலையும் ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைத்தேன். பனி பெய்யும் இரவில் சைக்கிளை வெளியே நிறுத்தவில்லை. தங்கும் விடுதியில் அறைக்குள்ளேயே அனுமதி கேட்டு வாங்கினேன், பெரும்பாலும் கொடுத்தார்கள்.

எங்கள் மாவட்டக் கடற்கரையில் இருக்கும் கோட்டைப்பட்டினத்துக்கு வந்து சேர்ந்தேன். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்ற ஓர் அம்மா சீட்டைத் தட்டிப் பார்த்து, “பலகையிலேயா உட்கார்ந்து வருகிறீர்கள் அக்கா?” என்று கேட்டார். பள்ளங்களைக் காட்டினேன். விரலால் வருடிப் பார்த்தவர், தானும் அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில் சைக்கிள் பழகியவர் என்றார். 1990-களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தோம். நான் அப்போது தொண்டர். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த சைக்கிளிலேயே பெண்கள் ஏறினார்கள், அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு போனார்கள். அந்தத் தலைமுறைக்கு இப்போது ஐம்பதும் அறுபதும் வயது. அவர் சைக்கிளை விட்டுப் பல ஆண்டுகள் ஆகிறதாம். ஏன் என்று கேட்டேன். சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் குரலைத் தாழ்த்தி, உட்கார முடியவில்லை என்றார். இந்த மதிப்புரையை எழுதியே ஆக வேண்டும் என்று அங்கேதான் முடிவு செய்தேன். ஒரு மாவட்டமே சைக்கிளில் ஏற்றிவிட்ட பெண்கள், பேசக் கூச்சப்படும் ஒரு காரணத்தால் இறங்கிவிடக் கூடாது.

இராமநாதபுரம், சாயல்குடி, தூத்துக்குடி, திருச்செந்தூர், உவரி என்று அதற்குப் பிந்தைய தூரத்தில் வெயில்தான் பெரிய தொல்லை. சீட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அதுவே அதற்கு நான் தரும் பாராட்டு. கன்னியாகுமரியில் இறங்கியபோது தொடை வலித்தது, தோள் வலித்தது. புண் இல்லை, மரத்துப்போகவில்லை, தொற்று வரவில்லை.

சீட் மட்டும் இதைச் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நடுவில் தையல் வராத பருத்தி உள்ளாடை, புறப்படும் முன் உராயும் இடத்தில் தேங்காய் எண்ணெய், கால் மணிக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நிற்பது, இறங்கியவுடன் ஈர உடையை மாற்றுவது ஆகியவற்றைத் தவறவிடவில்லை. கழிப்பறை கிடைக்காது என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டுவதுதான் இந்தச் சாலையில் பெண்களுக்கு மிகப் பெரிய ஆபத்து. பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டால் தேவை இல்லாவிட்டாலும் நிறுத்துங்கள். எரிச்சலோ இரத்தக் கசிவோ இருந்தால் சீட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் முதலில் மகளிர் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

விலை பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். ஒரு சாதாரண புதுச் சைக்கிளே அந்த விலைக்குள் வந்துவிடும் என்பதால் எல்லோரையும் வாங்கச் சொல்ல மனம் வரவில்லை. கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் போய்வர இது தேவையே இல்லை. நாள் முழுக்க ஓட்டப் போகிறவர்கள், புறப்பட இரண்டு மூன்று மாத அவகாசம் உள்ளவர்கள் வாங்கலாம். அடுத்த வாரம் பயணம் என்றால் வேண்டாம். இது மாட்டுத்தோல், மெழுகிலும் மாட்டுக் கொழுப்பும் மீன் எண்ணெயும் சேர்கின்றன. அதை விரும்பாதவர்களுக்கும் மழைக்காலத்தில் ஓட்டுபவர்களுக்கும் இதே நிறுவனம் ரப்பரும் பருத்தித் துணியும் கொண்டு செய்யும் கேம்பியம் சி17 இருக்கிறது. நான் அதில் நீண்ட தூரம் ஓட்டியதில்லை. ஓட்டிய பெண்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், கோட்டைப்பட்டினத்து அம்மாவுக்கு எது பொருந்தும் என்று நான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.