காலிமுகத்திடலா, கல்கிசையா? கொழும்பில் இருவருக்கான இரவு விருந்து

இரண்டும் மேற்குக் கடலைப் பார்த்த பழைய கட்டடங்கள். காலிமுகத்திடல் ஹோட்டல் 1864இல் தொடங்கியது. கல்கிசையின் மவுண்ட் லவினியா ஹோட்டல், 1806இல் பிரித்தானிய ஆளுநர் மெயிட்லண்டின் மாளிகை.

காலிமுகத்திடலில் சதுரங்கப் பலகை போலக் கட்டம் போட்ட கடலோர முற்றம்தான் சிறப்பு. மாலை 5.30க்கே போய் உட்காருங்கள், மாதத்தைப் பொறுத்து 5.50க்கும் 6.30க்கும் இடையில் சூரியன் இறங்கிவிடும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று பலமாக இருக்கும்: மெழுகுதிரி நிற்காது, மூக்குக்கண்ணாடியில் உப்புப் படலம் ஒட்டும். அந்த மாதங்களில் வராந்தா மேசையையே கேளுங்கள்.

கல்கிசை, நகர மையமான கொழும்புக் கோட்டைப் பகுதியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். மாலை நெரிசலில் காலி வீதியை நம்பினால் அந்தி போய்விடும். கரையோர ரயில் மேல், வழியெல்லாம் கடலும் கிடைக்கும். பாறை முனைமேல் உட்கார்ந்து சாப்பிட்டு, மணலில் நடக்கலாம். தனிமை வேண்டுமென்றால் இதுவே.

போயா நாளில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், பொதுவாக மது கிடையாது.