டேங்கைத் தூக்கினார்கள், ஃபில்டரைத் தொடவில்லை: காரைக்குடிப் பக்கம் பைக் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

திருவாடானையை நெருங்கும்போது வண்டி இழுவை விட்டது. ஆக்சிலேட்டரைத் திருகத் திருக இன்ஜின் திணறி, இரண்டு முறை குலுங்கி, நின்றுவிட்டது. பின்னால் பஸ் வந்துகொண்டிருந்தது. பின்சீட்டில் என் பதினோரு வயது மகள். எப்படியோ சாலையோர மண்ணில் இறக்கி நிறுத்திவிட்டேன். பஸ் ஹாரன் அடித்தபடி எங்களைக் கடந்து போன பிறகும் அவள் என் சட்டையை விடவில்லை.

முதல் நாள் மாலைதான் காரைக்குடியில் ஒரு பட்டறையில் 4,100 ரூபாய் கொடுத்து அந்த வண்டியை எடுத்து வந்திருந்தேன். தனுஷ்கோடி போவதாக மகளுக்குச் சொன்ன வாக்கு. அதற்காகவே பார்த்துப் பார்த்துச் செய்த சர்வீஸ். பட்டறையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நடந்ததை எழுதுகிறேன். உங்கள் வண்டியையும் இப்படித்தான் கையாண்டார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது சுசுகி வி-ஸ்ட்ராம் 650. இதில் இன்ஜினுக்குப் போகும் காற்றின் தூசியைத் தடுக்கும் ஏர் ஃபில்டர் பெட்ரோல் டேங்குக்கு அடியில் இருக்கிறது. சீட்டைக் கழற்றி, டேங்கின் முன்பக்க போல்டுகளை எடுத்து, முன்பக்கத்தை மேலே தூக்கி, கீழே விழாதபடி கம்பி முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் ஃபில்டர் பெட்டியைத் திறக்க முடியும். நம் பக்கத்துச் செம்மண் புழுதி உங்களுக்குத் தெரியும். கானாடுகாத்தான், பள்ளத்தூர் உள்சாலைகளில் ஒரு கோடைக்காலம் ஓட்டினால் ஃபில்டர் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். அதனால் புத்தகத்தில் சொன்ன கெடுவுக்கு முன்பே மாற்றிவிடுவது என் வழக்கம்.

டேங்க் 20 லிட்டர். முழுக்க நிரப்பினால் பெட்ரோல் மட்டும் ஏறக்குறைய 15 கிலோ. அன்று காலை பயணத்துக்காக முழு டேங்க் நிரப்பிவிட்டு அப்படியே பட்டறைக்குப் போனேன். தூக்கும் வேலை என்றால் கால் டேங்குக்கு மேல் பெட்ரோல் இருக்கக் கூடாது. சரிந்தால் கனமும் தாங்காது, டேங்குக்குள் வெளிக்காற்று வரும் காற்றுக்குழாய் வழியாகப் பெட்ரோலும் வழியும். இதை எனக்கு அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "விட்டுவிட்டுப் போங்கண்ணே, சாயங்காலம் வாங்க" என்றார்கள். நான் நம்பினேன்.

மாலையில் போனபோது வண்டி துடைத்துப் பளபளவென்று நின்றது. ஃபில்டர் 2,600, டேங்க் தூக்கும் கூலி 1,500 என்று கடைப் பெயரில்லாத துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். பழைய ஃபில்டர் எங்கே என்று கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள். டேங்கின் முன்விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் இருந்தது. முன்பே இருந்தது என்றார்கள். மகள் பள்ளி விட்டு வரும் நேரம் என்பதால் மேலும் கேட்காமல் பணத்தை யுபிஐயில் அனுப்பிவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் அந்தச் சாலையோரத்தில், பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்ற சந்தேகத்தில் டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று நீளமாகக் காற்று உள்ளே இழுத்தது. பெட்ரோல் நிறையவே இருந்தது. மூடியை மூடி ஸ்டார்ட் செய்ததும் வண்டி ஒன்றும் நடக்காததுபோல ஓடியது. டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்கு வெளிக்காற்று வர வேண்டும். அது வரும் ரப்பர் குழாய் அடைபட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுத்தாலும் பெட்ரோல் வராது. தனுஷ்கோடியை விட்டுவிட்டுத் திரும்பினோம். பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு முறை நிறுத்தி மூடியைத் திறந்து திறந்து மூடியபடி தேவகோட்டை வந்து சேர்ந்தேன்.

அங்கே எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் வீட்டு வாசலிலேயே வேலை பார்க்கிறார். முதலில் பெட்ரோலைக் கேனில் இறக்கினார். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினார். "பெட்ரோல் ஆவி கனம் தம்பி, தரையோடு படுத்துக்கிடக்கும், ஒரு பொறி போதும்" என்றார். டேங்கைத் தூக்கியதும் என்னை அருகில் அழைத்துக் காட்டினார். காற்றுக்குழாய் டேங்குக்கும் வண்டியின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் சிக்கி, மிதித்த மண்புழுவைப்போலத் தட்டையாகக் கிடந்தது. சட்டத்தின்மேல் ஒரு மரச்சிராய் ஒட்டியிருந்தது. கம்பிக்குப் பதிலாக ஏதோ கட்டையை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள், அது வழுக்கி டேங்க் விழுந்திருக்கிறது, கீறல் அப்போது வந்தது என்றார் அவர்.

அதற்குப் பிறகு ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஃபில்டரின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் தேதி எழுதுவேன். சென்ற முறை நான் எழுதிய தேதி என் கையெழுத்தில் அப்படியே இருந்தது. அதன் மடிப்புகளில் செம்மண்.

கட்டை வழுக்கியதற்காக யாரையும் திட்டமாட்டேன். கைவேலையில் தவறு வரும். "அண்ணே, விழுந்துவிட்டது, நாளைக்கு வாங்க" என்று சொல்லியிருந்தால் ஒரு நாள் தள்ளிப் போயிருப்பேன். மறைப்பதற்காக அவசரமாக இறக்கி மூடிவிட்டு, மாற்றாத ஃபில்டருக்குக் காசும் வாங்கிக்கொண்டு, குழந்தையோடு போகிறவனைச் சாலைக்கு அனுப்பினார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

டேங்க் தூக்கும் வேலைக்கு வண்டியை விட்டால் கூடவே இருங்கள். எதை முட்டுக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். டேங்கை இறக்கும்போது குழாய்கள் எங்கே போகின்றன என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கைப்பேசியில் முன்பே ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் ஒப்பிடலாம். கழற்றிய பழைய பொருளைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். வண்டியை எடுத்த பிறகு ஓடி ஓடி நின்றால், மூடியைத் திறந்து காற்றுச் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள்.

பில்லும் கேட்டு வாங்குங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. நான் துண்டுச் சீட்டு, யுபிஐ பதிவு, தேதி தெரியும்படி ஃபில்டரின் படம், நசுங்கிய குழாயின் படம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். முதலில் சத்தம் போட்டார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்த பிறகு ஃபில்டர் பணம் 2,600 மட்டும் திரும்பி வந்தது. கூலியும் டேங்க் பெயின்ட் செலவும் வரவில்லை. அதற்காகச் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்க மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. நசுங்கிய அந்தக் குழாயை ஒரு உறையில் போட்டு மனுவோடு வைத்திருக்கிறேன்.