படகேறிய லாரி எஞ்சினுக்கு எந்த ஆயில் பம்பு?

மண்டபம், பாம்பன் பக்கம் விசைப்படகில் டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) சேர்த்துப் பொருத்தும் லாரி எஞ்சினுக்குப் பழைய அளவு ஆயில் பம்பே போதுமா, பெரியது வேண்டுமா என்பதை முதலில் தீர்மானிப்பது பேரிங் இடைவெளியே (சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே ஆயில் நிற்கும் சிறு இடம்). அது கையேட்டு அளவுக்குள் இருந்தால் பழையது போதும். பெரிய பம்பு தள்ளும் உபரி ஆயில், அழுத்தம் மிகும்போது திறக்கும் ரிலீஃப் வால்வு வழியே திரும்பிச் சூடாவதும் டீசல் வீணாவதுமே மிச்சம். ஆனால், டர்போவோடு பிஸ்டன்மீது ஆயில் பீய்ச்சிக் குளிர்விக்கும் ஜெட்டுகளும் புதிதாக ஆயில் கேட்கையில், குறைந்த சுற்றில் வலை இழுக்கும்போதும் அழுத்தம் விழாமல் காப்பது நீண்ட பல்சக்கரங்கள் கொண்ட பெரிய பம்புதான். (அழுத்தத்தின் உச்சவரம்பை வைப்பது ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங், பம்பின் அளவன்று.) அலையில் படகு சாய்ந்து ஆயில் ஒதுங்கும்போது உறிஞ்சுகுழாய் காற்றை இழுத்தால் இரண்டுமே உதவாது, பெரியது சம்ப்பை (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியை) இன்னும் விரைவாகக் காலியாக்கும். எனவே, ஆயில் ஒதுங்காமல் தடுக்கும் தகடு வைத்த ஆழமான சம்ப்புக்கு இடமிருந்தால் பெரியதையும், இல்லையெனில் பழையதையுமே தேர்வேன்.