கிருஷ்ணகிரியில் உயிலும் டிரஸ்டும்: ஒரு வக்கீல் அலுவலகத்தைப் பற்றி

கிருஷ்ணகிரியில் பத்திரம் எழுத ஆளுக்குப் பஞ்சமில்லை. சார்பதிவாளர் அலுவலக வாசலில் நின்று ‘செட்டில்மென்ட்’ (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுப்பது) என்று முணுமுணுத்தால் போதும், நாலு பேர் வந்துவிடுவார்கள். யாருக்கு எது தேவை என்று கேட்டுவிட்டு எழுதுகிறவர்கள்தான் குறைவு. பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு மாடியில் இயங்கும் இந்த வக்கீல் அலுவலகத்தை அந்தக் குறைந்த எண்ணிக்கையில் சேர்ப்பேன். குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் காலமாகிவிட்டார். காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு, நகரில் வீடு, வங்கியில் கொஞ்சம் வைப்புத்தொகை. மூத்தவன் அமெரிக்காவில், மகள் ஓசூரில். இளையவன் அறிவுசார் குறைபாடு உள்ளவன். முப்பது வயதைத் தாண்டியும் பணத்தை எண்ணத் தெரியாது. “இங்கே எல்லாரும் ரத்து செய்யக்கூடிய டிரஸ்ட் எழுதி வைக்கிறார்கள் அம்மா, நீயும் எல்லாவற்றையும் அதில் போட்டுவிடு” என்று மூத்தவன் போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். டிரஸ்ட் என்றால், சொத்தை ஒருவர் பொறுப்பில் விட்டு இன்னொருவர் நலனுக்குச் செலவிடச் செய்யும் ஏற்பாடு.

வக்கீல் அதை முழுக்கக் கேட்டார். பிறகு, “டீச்சர், அமெரிக்காவில் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, உங்களுக்கு வேறு காரணம் இருக்கிறது” என்றார். அங்கே இறந்தவரின் உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கும் நடைமுறை பல மாநிலங்களில் நீண்டது, செலவும் கூடியது. அதைத் தவிர்க்கத்தான் உயிரோடு இருக்கும்போதே டிரஸ்ட் எழுதுகிறார்கள். அங்கேயும் எழுதினால் மட்டும் போதாது, சொத்தை டிரஸ்ட் பெயருக்கு மாற்றாவிட்டால் அது வெறும் தாள். நம் மாவட்டத்தில் எழுதி, நம் மாவட்டத்துச் சொத்தைப் பற்றிப் பேசும் இந்து உயிலுக்கு அந்த நடைமுறை கட்டாயமே இல்லை. ஆகவே தோப்புக்கும் வீட்டுக்கும் இப்போது டிரஸ்ட் வேண்டாம், உயில் போதும் என்றார். முத்திரைத்தாள் வேண்டாம், இரண்டு சாட்சிகள் வேண்டும், பதிவு கட்டாயமில்லை, செய்துகொண்டால் நல்லது. எல்லாவற்றையும் டிரஸ்டில் போடச் சொல்லியிருந்தால் அவருக்குத்தான் கட்டணம் கூடியிருக்கும். இந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

டிரஸ்ட் தேவைப்பட்டது இளையவனுக்கு. உயில் நான் செத்த பிறகுதான் பேசும். நான் பக்கவாதத்தில் படுத்துவிட்டால் அவனுக்கு மாத்திரை வாங்க யார் பணம் எடுப்பார்கள்? அதனால் வைப்புத்தொகை மட்டும் டிரஸ்டுக்குப் போனது. உயிரோடு இருக்கும்வரை நானே டிரஸ்டி, அதாவது அதை நடத்தும் பொறுப்பாளர். என்னால் முடியாமல் போனால் மகளும் என் கொழுந்தனார் மகனும் சேர்ந்து. டிரஸ்ட் பணத்தை டிரஸ்டி தன் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது சட்டம். அதைப் பத்திரத்திலும் எழுதச் சொன்னேன். உறவுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

இந்த அலுவலகத்தின் திறமையைக் காட்டியது ரத்து செய்யும் பிரிவு. 1882ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டத்தின் 78ஆம் பிரிவுப்படி, ரத்து செய்யும் உரிமையை எழுதியவர் பத்திரத்தில் வெளிப்படையாக வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பயனாளிகள், அதாவது டிரஸ்டால் பலன் பெறுகிறவர்கள், எல்லாரும் ஒப்பந்தம் செய்யத் தகுதி உள்ளவர்களாக இருந்து சம்மதிக்க வேண்டும். என் மகனால் சட்டப்படி சம்மதிக்கவே முடியாது. அந்த ஒரு வரி விடுபட்டிருந்தால் என் பணத்துக்கு நானே வெளியாள். இதற்கு முன் வேறொருவர் கணினியில் நகலெடுத்துத் தந்த மாதிரிப் பத்திரத்தில் அந்த வரி இல்லை.

வரி மிச்சமாகும் என்று மூத்தவன் சொன்னதும் பொய்த்தது. ரத்து செய்யக்கூடியதாக இருக்கும்வரை வட்டி என் வருமானமாகவே கணக்காகும். எனக்கு அது வருத்தமில்லை.

மகளுக்கு வீட்டை இப்போதே செட்டில்மென்ட் செய்யலாமா என்றும் கேட்டேன். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத்தீர்வை ஒரு சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. இது 2023 ஜூலையில் உயர்ந்த தொகை. ஆனால் கொடுத்துவிட்டால் மனம் மாறித் திரும்பக் கேட்க முடியாது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, மகள் பார்த்துக்கொள்ளாவிட்டால் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் வழி இருக்கிறது, அதற்கும் கோட்டாட்சியர் முன் போய் நிற்க வேண்டும். பெற்ற மகள்மேல் மனு போடும் நிலை வேண்டாம் என்று உயிலோடு நிறுத்திக்கொண்டேன்.

இனி குறைகள். முதல் வரைவின் தமிழ் கொடுமை. ‘மேற்படி’ இல்லாத வரியே இல்லை. ஒரு வாக்கியம் முக்கால் பக்கம் ஓடியது. சிவப்பு மை எடுத்துத் திருத்திக் கொடுத்தேன். இளநிலை வக்கீலுக்குப் பிடிக்கவில்லை, பெரியவர் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார். கட்டணத்தை முதலிலேயே சொன்னார்கள், ஆனால் தட்டச்சுக்கும் நகலுக்கும் தனியே கேட்டார்கள். ரசீது கேட்ட பிறகுதான் வந்தது. படி செங்குத்து, கைப்பிடி கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் போன் செய்தால் கீழே இறங்கி வந்து பேசுகிறார்கள், அதை அவர்களாகச் சொல்வதில்லை.

இளையவனுக்குப் பாதுகாவலர் நியமிப்பதை டிரஸ்ட் பார்த்துக்கொள்ளாது என்பதையும் இங்கேதான் விளக்கினார்கள். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனு கொடுக்க வேண்டும். அந்த மனுவைக் கட்டணம் வாங்காமல் எழுதித் தந்தார்கள்.

போகிறவர்கள் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் கையோடு கொண்டு போங்கள். எங்கள் தோப்பின் மூலப்பத்திரத்தில் சேலம் மாவட்டம், கணவர் பெயரில் உள்ளதில் தர்மபுரி மாவட்டம், பட்டாவில் கிருஷ்ணகிரி. 1965இலும் 2004இலும் மாவட்டம் பிரிந்ததால் வந்தது இது. சொத்து விவரத்தில் மூன்றையும் சேர்த்து, பழைய சர்வே எண்ணையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுத் தரச் சொல்லுங்கள். கேட்டால் செய்கிறார்கள்.