ஸிக் 0.15: கம்பைலர் பிடிக்கும் உடைவும் பிடிக்காத உடைவும்

கஸ்தூரியார் வீதிக் கடையொன்றுக்காக எங்கள் சிறிய குழு எழுதிய, பற்றுச்சீட்டு அச்சிடும் நிரலை, 2025 ஓகஸ்ட்டில் வெளிவந்த, ஸிக் (Zig) என்ற நிரலாக்க மொழியின் 0.15 பதிப்புக்கு மாற்றிய பின்னர் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். 2016 இல் அன்ட்ரூ கெலி அறிமுகப்படுத்திய இந்த மொழி நிலையான முதற்பதிப்பான 1.0 ஐ இன்னும் எட்டவில்லை; பதிப்பு மாறினால் பழைய நிரல் உடையும் என்பது தெரிந்தே ஏற்றுக்கொள்ளும் நிபந்தனை. உடைந்ததை முதலில் காண்பது, நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரா, வாடிக்கையாளரா என்பதே என் அளவுகோல்.

அந்த அளவுகோலில் பெரும்பாலான மாற்றங்கள் தேறிவிடுகின்றன. தேவைக்கேற்ப நீளும் பட்டியலான அரேலிஸ்ட்டில் ஒன்றைச் சேர்க்கும்போதெல்லாம், நினைவகத்தை ஒதுக்கித் தரும் அலொக்கேற்றரையும் இனிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கம்பைலர் வரி இலக்கத்தைக் காட்டி மறித்துவிடும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் ஆபத்தில்லை.

எழுத்துகளை வெளியே அனுப்பும் முறையில் செய்த மாற்றம் அப்படிப்பட்டதல்ல. முன்பு அதற்கான ரைட்டரைப் பெற்று எழுதியவுடன் எழுத்துகள் வெளியேறின. இப்போது எழுத்துகளைத் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் பஃபரை நாமே ஒதுக்கிக் கொடுத்து, முடிவில் ஃபிளஷ் செய்ய, அதாவது அதில் எஞ்சியதை வெளியே தள்ள வேண்டும். அதை விட்டுவிட்டாலும் நிரல் கம்பைல் ஆகும், ஓடும், பிழை எதுவும் காட்டாமல் முடியும். ஆனால் சிறிய சீட்டு அச்சாகவே மாட்டாது, பஃபரைவிட நீளமான சீட்டோ கடைசிப் பகுதி இல்லாமல் வரும். மொத்தத் தொகை இருப்பது அந்தக் கடைசிப் பகுதியில்தான். மாற்றத்துக்கான நியாயம் வலுவானது: சிறு சிறு துண்டாக எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் இயங்குதளத்தை அழைக்கும் செலவு மிச்சமாகிறது, பஃபர் எங்கே இருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. இருந்தும், இவ்வளவு அமைதியாக உடையும் ஒன்றுக்குக் கம்பைலரிடமிருந்து ஓர் எச்சரிக்கையாவது வந்திருக்க வேண்டும்.

2015 இல் 1.0 ஆன றஸ்ற் என்ற மொழி, தன் மாற்றங்களை எடிஷன்களாக, அதாவது ஒவ்வொரு நிரலும் தேர்ந்துகொள்ளும் விதித்தொகுப்புகளாகப் பிரித்து, பழைய நிரலையும் தொடர்ந்து கம்பைல் செய்கிறது. அந்த வசதியை ஸிக்கிடம் இப்போதே கேட்பது நியாயமாகாது; தவறான வடிவமைப்பைத் திருத்துவதற்கு 1.0 க்கு முந்திய காலத்தைவிட மலிவான காலம் இல்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். விற்றபின் திரும்பிப் பார்க்க ஆளில்லாத வேலைக்கு இதை எடுக்க வேண்டாம். எடுப்பவர்கள், தாம் பயன்படுத்திய பதிப்பின், சுருக்கிய கோப்பை விரித்தவுடன் இயங்கும் கம்பைலர் கோப்புறையை நிரலோடு சேர்த்தே சேமித்து வைக்க வேண்டும். பதிப்பை மாற்றும்போது பழைய சீட்டையும் புதிய சீட்டையும் பைட் பைட்டாக ஒப்பிடும் சோதனையொன்றை ஓட்டிய பிறகே கடைக்கு அனுப்ப வேண்டும்.