செட்டிநாட்டிலிருந்து பகுதிநேரமாக நடிப்புக் கற்க எந்த வழி? ஓர் ஒப்பீடு

1891-ல் சென்னையில் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் தொழிலால் வழக்கறிஞர். பிற்காலத்தில் நீதிபதியாகவும் இருந்தார். அவரோடு மேடையேறியவர்களில் பலர் வழக்கறிஞர்களும் உத்தியோகஸ்தர்களும்தான். பகலெல்லாம் நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் இருந்துவிட்டு, மாலையில் ஒத்திகைக்கு வந்தவர்கள் அவர்கள். எனவே, வேலையை விடாமல் வளர்ந்த வயதில் நடிப்புக் கற்பது நம் மொழிக்குப் புதிய பழக்கமன்று. நூறாண்டுக்கு மேற்பட்ட மரபு அதற்கு உண்டு. காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ கடை வைத்திருப்பவரும், பள்ளியில் பாடம் நடத்துபவரும், வங்கியில் கணக்குப் பார்ப்பவரும் நாற்பது வயதில் நடிப்புக் கற்க ஆசைப்பட்டால் அதற்காகக் கூச்சப்பட வேண்டியதில்லை. எங்கே கற்பது என்பதே கேள்வி.

நம் வட்டாரத்துக்கும் நடிப்புத் தொழிலுக்கும் பழைய உறவு உண்டு. ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடிக்காரர், அவருடைய ஏவி.எம். ஸ்டூடியோ கோடம்பாக்கத்துக்குப் போவதற்கு முன்பு, 1940-களில், தேவகோட்டை ரஸ்தாவில்தான் இயங்கியது. இன்றைக்கும் கானாடுகாத்தான் வீடுகளின் முகப்பிலும் வளவு எனப்படும் நடுமுற்றத்திலும் படப்பிடிப்பு நடந்துகொண்டேயிருக்கிறது. இருந்தும், பிள்ளைகளுக்குப் பரதமும் வாய்ப்பாட்டும் சொல்லித்தர ஆள் கிடைப்பதைப் போல, வளர்ந்தவர்களுக்கு நடிப்புச் சொல்லித்தர இங்கே எளிதில் ஆள் கிடைப்பதில்லை. ஆகவே, சென்னையின் வார இறுதி வகுப்பு, மதுரை அல்லது திருச்சியின் வாராந்திர வகுப்பு, இணையவழி வகுப்பு, பத்து நாள் தங்கிப் பயிலும் பட்டறை, நம் ஊர்த் திருவிழா மேடைகளின் இசை நாடகக் கலைஞரிடம் நேரில் பாடம் கேட்பது என்ற ஐந்தில் ஒன்றைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. டெல்லியில் 1959-ல் தொடங்கப்பட்ட தேசிய நாடகப் பள்ளியைப் போன்ற முழுநேரப் படிப்புகள் குடும்பமும் தொழிலும் உள்ளவருக்கு ஒத்துவராதவை என்பதால் அவற்றை இங்கே சேர்க்கவில்லை.

இவற்றை எந்த அளவுகோலால் அளப்பது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டணம், தூரம், ஆசிரியரின் பெயர் ஆகிய மூன்றையும்தான் எல்லோரும் முதலில் விசாரிக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, எதிரே இன்னொரு மனிதர் நிற்க, வாரத்தில் எவ்வளவு நேரம் நீங்கள் நடிக்கிறீர்கள் என்பதை.

ஏன் அப்படி என்பதற்கு, நடிப்பு வகுப்புகளில் வெவ்வேறு வடிவங்களில் செய்யப்படும் ஒரு பயிற்சியைப் பாருங்கள். இருவருக்கும் இரண்டே வரிகள்தாம். ஒருவர், "அண்ணே, கடையைச் சாத்திட்டீங்களா?" என்று கேட்க வேண்டும், மற்றவர், "சாத்திட்டேன்" என்று சொல்ல வேண்டும். முதல் முறை அது அன்றாட விசாரிப்பு. அடுத்த முறை, பாகப்பிரிவினைக்குப் பிறகு ஓராண்டாகப் பேசாதிருந்த தம்பி முதன்முதலாகப் பேசுகிறான். அதற்கடுத்த முறை, அந்தக் கடையே கைமாறிப்போன நாள். சொற்கள் மாறுவதில்லை, ரஷ்ய நாடக ஆசான் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி வலியுறுத்திய சூழ்நிலை மட்டும் மாறுகிறது. புதிதாக வருபவர் ஒவ்வொரு முறையும் தம் குரலை எப்படி ஏற்றி இறக்கலாம் என்றே யோசித்துக்கொண்டிருப்பார். சில வாரங்கள் கழித்து ஒருநாள், எதிரே நிற்பவர் "அண்ணே" என்ற சொல்லில் அரைக்கணம் தயங்கியதைக் கவனித்து, அந்தத் தயக்கத்துக்குப் பதிலாக "சாத்திட்டேன்" என்பார். நடிப்பு அங்கேதான் தொடங்குகிறது. தனியாகக் கண்ணாடி முன் நின்றோ, கைப்பேசியில் பதிவு செய்தோ இதைக் கற்க வழியில்லை.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு சென்னைக்குப் போவோம். அங்கே கிடைக்கும் பயிற்சியின் தரம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறை, நடிகரின் உடலையும் குரலையும் நாள்தோறும் பழக்கும் முறையைத் தமிழ் நவீன நாடகத்தில் நிலைநிறுத்தியது. பசுபதி, குரு சோமசுந்தரம் போன்ற திரை நடிகர்கள் அங்கிருந்து வந்தவர்கள். அந்தக் காற்றைச் சுவாசித்த ஆசிரியர்கள் நகரம் முழுக்க இருக்கிறார்கள். கேமரா முன் நடிப்பதற்கான தனிப் பயிற்சியும், லென்ஸுக்கு ஏற்ப அசைவைக் குறைத்துக்கொள்ளும் பழக்கமும், ஒரே காட்சியைப் பல கோணங்களில் எடுக்கும்போது கையை எந்தச் சொல்லில் தூக்கினோம் என்று நினைவில் வைக்கும் ஒழுங்கும் சென்னையில்தான் சரியாகக் கிடைக்கும்.

ஆனால் இடையில் 400 கிலோமீட்டர் இருக்கிறது. சனிக்கிழமை அதிகாலை காரைக்குடியில் பல்லவன் விரைவு ரயிலைப் பிடித்தால் சென்னை சேர நண்பகலாகிவிடும். ஞாயிறு பிற்பகல் அதே ரயிலில் ஏறினால் வீடு திரும்ப இரவு வெகுநேரமாகும். இராமேசுவரத்திலிருந்து காரைக்குடி வழியாகப் போகும் இரவு ரயிலில் சென்றால் பகலில் நேரம் மிஞ்சும், தூக்கம்தான் போகும். தூக்கம் கெட்ட உடலோடு செய்யும் உடற்பயிற்சியில் மனம் ஒன்றாது. வாரந்தோறும் இப்படிப் போய்வர எவராலும் இயலாது என்பதால், நடைமுறையில் அது மாதம் ஒரு முறையாகச் சுருங்கிவிடுகிறது. மாதம் ஒரு முறை வருபவருக்கு வகுப்பில் நிலையான ஜோடி அமைவதில்லை. மற்றவர்கள் ஒரு காட்சியைப் பாதிவரை வளர்த்திருப்பார்கள். இவர் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்ந்தவரைப் போலவே நிற்பார். சென்னையின் தரம் முழுதாக நமக்குக் கிடைக்காமல் போவதற்கு இதுவே காரணம். ஆசிரியரைக் குறை சொல்வதற்கில்லை.

மதுரையும் திருச்சியும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கின்றன. ஞாயிறு காலை பஸ் ஏறி, பகல் முழுக்கப் பயின்றுவிட்டு, இருட்டும் நேரத்தில் வீடு திரும்பிவிடலாம். இவ்வூர்களில் வகுப்பு நடத்துபவர்கள் பெரும்பாலும் நவீன நாடகக் குழுக்களைச் சேர்ந்தவர்கள் அல்லது கல்லூரிகளில் நாடகம் சொல்லிக்கொடுப்பவர்கள். கேமரா வசதி குறைவாக இருக்கும். இடமும் சில வேளை ஒரு பள்ளிக்கூட அறையாகவோ வாடகை மாடியாகவோதான் இருக்கும். ஆனால் வகுப்பில் ஆட்கள் குறைவு. பத்துப் பன்னிரண்டு பேர் உள்ள வகுப்பில் ஒருவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பலமுறை எழுந்து நடிக்க வாய்ப்புக் கிடைக்கிறது. அதே முகங்கள் வாரந்தோறும் வருவதால் கூச்சம் குறைகிறது. வளர்ந்தவர்களின் முதல் எதிரி இந்தக் கூச்சம்தான். ஊருக்குள் மரியாதையோடு நடமாடுபவருக்குத் தரையில் உருளவும், பித்துப் பிடித்தவராகக் கத்தவும் மனம் எளிதில் இடம் கொடுப்பதில்லை. தெரிந்தவர் ஒருவரும் இல்லாத 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர் அதற்கு உண்மையிலேயே உதவுகிறது.

பெண்களுக்கு இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. நம் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போய் மாலையில் திரும்புவதற்கும், மாதந்தோறும் சென்னையில் ஓர் இரவு தங்குவதற்கும் வீட்டில் எழும் கேள்விகள் ஒன்றல்ல. அந்தக் கேள்விகள் நியாயமானவை அல்ல என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் ஆச்சியிடமும் மாமியாரிடமும் ஒவ்வொரு மாதமும் வாதாடிக் களைத்துப் பயிற்சியை விட்டுவிடுவதைக் காட்டிலும், வாதமின்றித் தொடரக்கூடிய வகுப்பில் ஓராண்டு நிலைத்துவிடுவது மேல். ஓராண்டு முடிவில் மேடையில் பார்த்த பிறகு வீட்டாரின் பேச்சே மாறிவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

இணையவழி வகுப்பைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. காணொலி அழைப்பில் குரல் சற்றுத் தாமதமாகவே வந்து சேர்கிறது; இருவர் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் குரல் அமுங்கிவிடுகிறது. மேலே சொன்ன "அண்ணே" என்ற சொல்லின் அரைக்கணத் தயக்கம், இணைப்பின் தாமதத்தோடு கலந்து காணாமல் போய்விடும். நாடகப் பிரதியை வாசித்துப் பொருள் பிரிக்கவும், உச்சரிப்பைத் திருத்தவும், மூச்சுப் பயிற்சி கற்கவும் அது போதும். அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது.

இனி, பலரும் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாத வழிக்கு வருகிறேன். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) செப்பனிட்டுத் தந்த இசை நாடகம் மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமை முழுவதும் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஸ்பெஷல் நாடகம் என்று வழங்கும் இதில் ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பஃபூன் (கோமாளி) என ஒவ்வொருவரும் தனித்தனியே அமர்த்தப்பட்டு, வெவ்வேறு ஊர்களிலிருந்து அன்றைய இரவு நேரே மேடைக்கு வருகிறார்கள். ஒத்திகை கிடையாது. கதை எல்லோருக்கும் தெரியும், பாட்டுகள் தெரியும், ஆனால் அன்று எதிரே நிற்பவர் யார், அவர் எந்தப் பாட்டை எடுப்பார், தர்க்கம் எனப்படும் வாதப் பகுதியில் என்ன கேள்வி போடுவார் என்பது மேடையில்தான் தெரியவரும். வள்ளி திருமணத்தில் நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யும் இடத்தை மேடையோரத்தில் அமர்ந்து பாருங்கள். நாரதர் கேள்வியை முடிக்கும்போதே ஆர்மோனியக்காரர் கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொள்கிறார்; வள்ளி அந்தச் சுருதியிலேயே பதிலைத் தொடங்கியாக வேண்டும். கேட்காமல் பதில் சொன்னால் தாளமும் தர்க்கமும் ஒருசேரத் தடுமாறிவிடும், விடிய விடிய உட்கார்ந்திருக்கும் சனங்களுக்கு அது உடனே தெரிந்துவிடும். எதிராளியைக் கவனித்தல் என்று நவீன வகுப்புகள் மாதக்கணக்கில் பழக்குவதை, இந்தக் கலைஞர்கள் தொழிலின் கட்டாயத்தால் கற்றிருக்கிறார்கள்.

குரல் விஷயத்திலும் இவர்களுக்கு இணையில்லை. எத்தனை கட்டையில், அதாவது எந்தச் சுருதியில், உங்கள் குரல் நிற்கும் என்பதை ஓர் ஆர்மோனியக்காரர் சில நிமிடங்களில் கண்டு சொல்லிவிடுவார். தொண்டையை நெரிக்காமல், அடிவயிற்றிலிருந்து குரலெடுத்துக் கடைசி வரிசைவரை சேர்ப்பது எப்படி என்பதையும் சொல்லிக்கொடுப்பார். ஆசிரியர்களும் விற்பனைத் தொழிலில் இருப்பவர்களும் இதனால் தம் அன்றாட வேலையிலும் பயன் பெறுவார்கள்.

இதன் குறைகளையும் மறைக்கக் கூடாது. பாட்டு வராதவருக்கு இந்த மேடையில் இடம் குறுகியது. பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் கலைஞர்கள் இரவெல்லாம் மேடையிலும் பகலெல்லாம் பயணத்திலும் இருப்பார்கள். பாடம் கேட்க நேரம் கிடைக்காது. மழைக்காலத்தில் போய்க் கேட்டால் நிதானமாகச் சொல்லித்தருவார்கள். சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை முதலாக, இந்த மரபு சிறுவர்களை இளம் வயதிலேயே எடுத்துப் பழக்கியது. எனவே, ஏன் இப்படிச் செய்ய வேண்டும் என்று படிப்படியாக விளக்கும் முறை வளரவில்லை. செய்து காட்டுவார்கள், நாம் பார்த்துச் செய்ய வேண்டும். மேலும், திறந்தவெளி மேடைக்கான பெரிய கையசைவும் விரிந்த முகபாவமும் உடம்பில் ஊறிவிட்டால், கேமராவுக்கு முன்னால் அவற்றைக் குறைப்பது தனி வேலையாகிவிடும். ஆகவே, இதை ஒரே பயிற்சியாகக் கொள்வதைவிட, வாராந்திர வகுப்புக்குத் துணையாகக் குரலுக்கும் கவனத்துக்கும் வைத்துக்கொள்வதே பொருத்தம் என்பேன்.

பத்து நாள் பட்டறைகளில், வீணாபாணி சாவ்லா நிறுவிப் புதுச்சேரிக்கு அருகே இயங்கும் ஆதிசக்தியின் தங்கிப் பயிலும் பட்டறை நன்கு அறியப்பட்டது. மூச்சுக்கும் உணர்ச்சிக்கும் உள்ள தொடர்பைக் கேரளக் கோயில் நாடகமான கூடியாட்டம், அங்குள்ள போர்க்கலையான களரிப்பயட்டு போன்ற மரபுகளின் வழியே அங்கே ஆராய்கிறார்கள். இத்தகைய பட்டறை ஒருவரின் பார்வையையே மாற்றிவிடக்கூடும். ஆயினும், முன்பே சில மாதங்கள் பயின்றவருக்குத்தான் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்வது என்று தெரியும். முதல் அடியாக அங்கே போனவர், திரும்பி வந்து கடையில் உட்கார்ந்த சில வாரங்களில் உடம்பில் ஏறியதை இழந்துவிடுவார். தொடர்ந்து பழக ஓர் இடம் ஊருக்கு அருகில் இருந்தாக வேண்டும்.

எனவே நான் பரிந்துரைப்பது, ஓராண்டுக்கு மதுரை அல்லது திருச்சி வகுப்பு, மழைக்காலத்தில் இசை நாடகக் கலைஞரிடம் குரல் பாடம், அதன் பிறகு ஒரு பட்டறை என்ற வரிசை. திரையில் நடிக்க விருப்பம் இருந்தால் மட்டும் இரண்டாம் ஆண்டில் சென்னையில் சில வாரங்கள் கேமராப் பயிற்சி எடுத்துக்கொள்ளலாம். கண்டனூரில் படப்பிடிப்பு நடக்கும்போது கூட்டத்தில் ஒருவராக நிற்க அழைப்பு வந்தால் தாராளமாகப் போகலாம். படப்பிடிப்பு எப்படி நடக்கிறது என்று தெரியும். அதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்க முடியாது.

எந்த ஊராக இருந்தாலும், பட வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி முழுக் கட்டணத்தையும் முன்பணமாகக் கேட்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். வாய்ப்பைத் தீர்மானிப்பவர் இயக்குநர். நடிப்புச் சொல்லிக்கொடுப்பவரின் கையில் அது இல்லை. சேர்வதற்கு முன் ஒரு முழு வகுப்பை உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஆசிரியர் பேசும் நேரம் எவ்வளவு, மாணவர்கள் எழுந்து நடிக்கும் நேரம் எவ்வளவு என்று பாருங்கள். ஒருவர் தவறும்போது ஆசிரியர் அவரைப் பிறர் முன் சிறுமைப்படுத்துகிறாரா, அல்லது எதிரே இருந்தவர் என்ன செய்தார் என்று கேட்கிறாரா என்பதைக் கவனியுங்கள். பயிற்சியின் முடிவில் கட்டணம் செலுத்தாத பார்வையாளர்கள் முன்னாலாவது ஒரு நாடகம் உண்டா என்றும், உங்கள் கடை அடைக்கும் கிழமை எதுவோ அந்தக் கிழமையில் வகுப்பு உண்டா என்றும் கேட்டுவிட்டு, முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள்.