சந்தோஷத்தில் மூத்திரம் விடும் குட்டி: திட்டுவதா, கண்டுகொள்ளாமல் இருப்பதா, தீனி தூவுவதா?

எங்கள் லேப்ரடார் குட்டி மீனுவுக்கு அப்போது நான்கு மாதம். சாயங்காலம் அப்பா வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டால் போதும், கதவடிக்கு ஓடிவிடுவாள். கதவு திறந்ததும் வால் மட்டுமில்லை, இடுப்போடு சேர்ந்து உடம்பே ஆடும். "என்னடி தங்கம்" என்று அப்பா குனிவார். அடுத்த நொடி டைல்ஸில் சின்னக் குளம். அதையே மிதித்துக்கொண்டு அவள் குதிப்பாள், வாலில் பட்டது சுவரில் தெறிக்கும். தான் ஒன்றுக்குப் போனதே அவளுக்குத் தெரியாது.

தெரியாது என்பதை முதலில் நம்ப வேண்டும். மூத்திரத்தை அடக்கும் தசைப்பிடி குட்டிகளுக்கு முழுசாக வந்திருக்காது. பரபரப்பு ஏறினால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். பெரும்பாலான குட்டிகளுக்கு ஒரு வயதுக்குள் இது தானாக நின்றுவிடுகிறது. அந்தச் சில மாதங்களைப் பிரச்சினையைப் பெரிதாக்காமல் கடக்க எந்த வழி நல்லது என்பதுதான் கேள்வி.

பலரும் முதலில் கையில் எடுப்பது திட்டு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். "மூக்கை அதுல தேய்ச்சாத்தான் புத்தி வரும்" என்றார் சித்தப்பா. இரண்டு தடவை செய்தும் பார்த்தார். மூன்றாம் தடவை அவர் உள்ளே வந்தபோது மீனு குதிக்கவில்லை. காதைப் பின்னால் மடக்கி, வாலைக் காலிடுக்கில் செருகி, தரையோடு தரையாக ஒட்டி, மல்லாந்து படுத்து மூத்திரம் விட்டாள். இது வேறு வகை. முதலாவது நின்றபடி, ஆடியபடி, சந்தோஷத்தில் வருவது. இது "என்னை ஒன்றும் செய்யாதே" என்று கெஞ்சும்போது வருவது. ஒரு தொல்லை இருந்த இடத்தில் இரண்டாயிற்று. முன்னது வயதோடு போகும், பின்னது பயம் தெளிந்தால்தான் போகும். அதனால் திட்டு, அடி, மூக்குத் தேய்ப்பு எதையும் நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை.

நாய்ப் பயிற்சியாளர்கள் பரவலாகச் சொல்வது, வந்ததும் குட்டியைக் கண்டுகொள்ளாமல் இருப்பது. உள்ளே வரும்போது பார்வை, பேச்சு, தொடுதல் எதுவும் கூடாது. பையை வைத்து, கை கால் கழுவி, தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் குட்டி ஓரளவு அடங்கிவிடும். அப்புறம் பக்கவாட்டில் உட்கார்ந்து, தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல் நெஞ்சில் மெதுவாகத் தடவ வேண்டும். காசு செலவில்லை, காரணத்தின் வேரையே தொடுகிறது. நான் வரும்போது ஈரமாவது இரண்டு வாரத்தில் நின்றது.

ஆனால் அப்பாவால் முடியவில்லை. நாளெல்லாம் வேலை பார்த்துவிட்டு வருகிறவருக்கு அந்த முகத்தைப் பார்க்காமல் தாண்டிப்போக மனசு வருமா? அக்கா பிள்ளைகள் வந்தால் கேட்கவே வேண்டாம். வீட்டில் ஒருவர் தவறாமல் கொஞ்சினாலும் குட்டி அந்த ஒருவருக்காகவே காத்திருக்கும். இரண்டு பேர் மட்டும் இருக்கும் அமைதியான வீட்டுக்கு இது முதல்தரமான வழி. ஆள் போக்குவரத்து உள்ள வீட்டில் நிலைக்காது.

எங்களுக்குக் கைகொடுத்தது தீனி தூவுவது. குட்டியின் அன்றாடச் சாப்பாட்டிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்து, கதவுக்கு வெளியே ஷூ ரேக்கில் ஒரு டப்பாவில் வைத்துவிடுவோம். வருகிறவர் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, அவள் மேலே பாய்வதற்கு முன்பே தரையில் தூவிவிட வேண்டும். பாய்ந்த பிறகு போட்டால் பயன் குறைவு. மூக்கு தரைக்குப் போகிறது, மோந்து மோந்து பொறுக்குவதிலேயே பரபரப்பு பாதி வடிந்துவிடுகிறது. குழந்தைகளிடம் "நாயைப் பார்க்காதே" என்றால் நடக்காது, "இதைத் தூவு" என்றால் ஆசையாகச் செய்வார்கள். இரண்டு நாய்கள் இருந்து தீனிக்குச் சண்டை போடும் வீட்டிலும், சாப்பிடும்போது யாராவது நெருங்கினால் உறுமும் குட்டியிடமும் இது வேண்டாம்.

"உட்கார்" என்று சொல்லிப் பழக்குவதும் நல்லதுதான். ஆனால் நான்கு மாதக் குட்டியிடம் அந்தக் கதவடிப் பரபரப்பில் அதை எதிர்பார்ப்பது அதிகம். மற்ற நேரத்தில் அமைதியாகப் பழக்கி வைத்தால் ஆறேழு மாதத்தில் பலன் தெரியும்.

முற்றம் உள்ளவர்கள் குட்டியை வெளியே வரவழைத்துக் கொஞ்சலாம், விழுவது மண்ணில் விழும். மாடி ஃபிளாட்டில் அதற்கு வழியில்லை. எந்த வழியைப் பிடித்தாலும், ஆள் வரும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒருமுறை ஒன்றுக்குக் கூட்டிப்போய் வருவது அவசியம். மூத்திரப்பை காலியாக இருந்தால் குளம் சொட்டாகச் சுருங்கும். அதற்காகத் தண்ணீரைக் குறைக்காதீர்கள், நம் ஊர் வெயிலில் அது ஆபத்து.

டயபர் பயணத்துக்கோ ஒரு நாள் விசேஷத்துக்கோ சரி. தினமும் கட்டினால் ஈரம் பட்டுத் தோல் புண்ணாகும், பழக்கமும் மாறாது.

துடைக்கும்போது அமோனியா கலந்த திரவம் வேண்டாம், அந்த வாசனை குட்டிக்கு மூத்திரத்தையே நினைவூட்டும். பினாயிலும் வேண்டாம், மிதித்த பாதத்தைக் குட்டி நக்கும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும், மூத்திர வாடையைச் சிதைத்துப் போக்கும் என்சைம் திரவம் நல்லது.

தூங்கும்போது படுக்கை நனைந்தாலோ, அடிக்கடி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போனாலோ, ரத்தம் தெரிந்தாலோ, தண்ணீர் அளவுக்கு மீறிக் குடித்தாலோ நேரே கால்நடை மருத்துவரிடம் போங்கள். மூத்திரப்பாதைத் தொற்றாக இருக்கலாம். சில பெட்டைக் குட்டிகளுக்குச் சிறுநீர்க் குழாய் பிறவியிலேயே இடம் மாறித் திறந்திருக்கும். ஒரு வயது தாண்டியும் நிற்காவிட்டாலும் காட்ட வேண்டும்.

மீனுவுக்கு எட்டாவது மாதம் நடந்தபோது, ஹாஸ்டலிலிருந்து தம்பி தீபாவளிக்கு வந்தான். டப்பாவை மறந்து அப்படியே கட்டிப்பிடித்துவிட்டான். அன்று அவன் சட்டை நனைந்தது. அதுதான் கடைசி. டப்பா இன்னும் ஷூ ரேக்கில் இருக்கிறது. அப்பா தினமும் கைப்பிடி தூவிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறார்.